சாராளின் நேர்முகத் தேர்வு

கும்மிடிப்பூண்டியில் ஒரு ரசாயனக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் சாராள் ஏழு வருடம் வேலை பார்த்தாள். எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள். அங்கே அவளுக்குக் கிடைத்ததோ பாட்டில் கழுவி லேபிள் ஒட்டும் வேலை. கம்பெனி பஸ்ஸில் போகும்போதெல்லாம் சென்னையிலுள்ள பெரிய பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் போனில் திறந்து பார்ப்பாள். ஒருநாள் இரண்டு அறிவிப்புகள் வந்திருந்தன: ஆராய்ச்சி உதவியாளர், தேர்வுப் பிரிவு அலுவலக உதவியாளர். இரண்டுக்கும் விண்ணப்பித்தாள். கணவன் இம்மானுவேலிடம் சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் கை ஓங்குகிறவன் அவன்.

ஆராய்ச்சி வேலையின் நேர்முகத் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தபால்காரர் அழைப்புக் கடிதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டார்.

"இன்னாடி இது? மெட்ராஸ்ல எவன் உனக்காகக் காத்துக்கினு கீறான்?"

"படிச்ச படிப்புக்கு ஒரு வேல..."

முடிப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. சான்றிதழ்களை அலமாரியிலிருந்து இழுத்து எரிகிற அடுப்பின் மேல் போட்டான். அவள் பாய்ந்து எடுத்தாள். அவன் குக்கரைத் தூக்கி அவள் வலது மணிக்கட்டில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. மறுபடி ஓங்கினான். ஒருநாளும் எதிர்த்து நில்லாத சாராள், இடது கையில் அகப்பட்ட தோசைக்கல்லால் அவன் முகத்தில் ஓங்கி அடித்தாள். மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட, அவன் சுவரோரம் சரிந்தான். ஓரம் கருகிய சான்றிதழ்களோடு அவள் வெளியே ஓடினாள்.

பக்கத்து வீட்டு ஜெனிபர்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

"அக்கா, இந்தவாட்டியும் சமாதானம் பேசிக்கினு அந்த ஊட்டுக்குப் போவாத."

"போவமாட்டேன்."

மாவுக்கட்டோடு காவல் நிலையம் போய்ப் புகார் கொடுத்தாள். இம்மானுவேலைக் கைது செய்தார்கள்.

நேர்முகத் தேர்வில் பேராசிரியர் திலகவதி கேட்டார்: "கையில என்னம்மா?"

"ஊட்டுக்காரரு உடைச்சிட்டாரு மேடம்."

திலகவதி அவள் விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தார்.

"இதோட லேப் டெஸ்ட் பண்ண முடியுமா?"

"இன்னொரு கை கீதே மேடம்."

இடது கையால் இரண்டு முறை அளவு தப்பியது. மூன்றாவது முறை சரியாக வந்தது. ஆனாலும் வேலை பிஎச்.டி. முடித்த வேறொருவருக்குப் போனது. தங்கியிருந்த ஜெனிபரின் வீட்டில் சாராள் அன்று முழுக்க அழுதாள். கட்டுப் பிரித்த வாரமே அலுவலக வேலைக்கான தேர்வை எழுதினாள். அது கிடைத்தது; சென்னையில் ஒரு பெண்கள் விடுதியில் அறை எடுத்துக்கொண்டாள்.

சேர்ந்த மூன்றாவது வாரம், ஜாமீனில் வந்த இம்மானுவேல் பல்கலைக்கழக வாசலில் காவலாளியை அடித்துத் தள்ளிவிட்டு அவள் பேரைச் சொல்லிக் கத்தினான். சாராள் ஒளியவில்லை, அலுவலக மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவன் எறிந்த கல் அவள் தோளில் பட்டது. அவள் நகரவில்லை.

"எறி. எல்லாரும் பாத்துக்கினுதான் கீறாங்க."

காவலாளிகள் அவனை மடக்கிப் பிடித்தார்கள். அந்த வாரமே அவன் ஜாமீன் ரத்தானது.

பிரிவு அதிகாரி அவளை லீவு எடுக்கச் சொன்னார். விடுதி அறையைத் தாழிட்டுக்கொண்டு, வீங்கிய தோளோடு, இரண்டு நாள் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள்.