இடுப்பளவு ஓட்டை

எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலில், கண்ணாடிக்குக் கீழே என் இடுப்பளவு உயரத்தில் ஓர் ஓட்டை உண்டு. உள்ளே இருக்கும் மருந்தாளர் கதிரையை விட்டு எழும்பாமல் கை நீட்ட அதுதான் வசதியாம். உப்பளத்தில் நாள் முழுக்கக் குனிந்து உப்பு வாருகிறவர்களும் இங்கே வந்து இன்னொரு தரம் குனிவார்கள்.

என் உம்மாவுக்கு முதுகெலும்புத் தேய்வு. குனியக் கூடாது என்று டொக்டர் கிளினிக் கொப்பியில் எழுதியே கொடுத்திருக்கிறார். தொழுவதுகூடக் கதிரையில் இருந்துதான். அதனால் அவருக்காக நான் குனிந்தேன்.

"நோயாளி எங்க? குளிசை குடிக்கிற விதத்த அவங்களுக்குத்தான் சொல்லணும்" என்றது ஓட்டை.

உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஓர் உறையும் ஒரு துண்டுச் சீட்டும் வெளியே வந்தன.

"இதுல எழுதினது இங்க இல்ல. வெளியில வாங்குங்க."

துண்டில் இருந்தது முதுகுவலிக் குளிசையின் பெயர். இல்லை என்பதைக் கேட்கத்தான் அவ்வளவு குனிந்திருக்கிறார்.

அன்றே அந்த ஓட்டையைப் பற்றிப் பெரிய டொக்டருக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். பாவம், அவர்களும் சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதம் போனபோது கண்ணாடியில் புது அறிவித்தல் ஒன்று ஒட்டியிருந்தது, சிங்களத்திலும் தமிழிலும்: "குனிந்து பேசவும்."

உம்மா அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"கதிரையில இருந்து தொழுதாலும் அல்லாஹ் ஏத்துக்கொள்றான், மகன். இவனுகளுக்குக் குனிஞ்சாத்தான் கபூல்."