ஆஸ்பத்திரி ஸ்டாப்பைத் தாண்டி

என் மாமனார் தை மாசம் போனார். சித்திரை முடியப்போகிற ஒரு மத்தியானம், கூடத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த மாமியார் திடீரென்று கேட்டார்.

"ஏம்மா, பாண்டிச்சேரிக்கு ஒரு நாள் போயிட்டு வரலாமா?"

எங்கள் வீட்டில் பாண்டிச்சேரி என்றால் ஆஸ்பத்திரி. வேறு அர்த்தமே கிடையாது.

"யாருக்கு இன்னா ஆச்சு அத்தை?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. மியூசியம் பாக்கணும்."

மாமனாருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் இரண்டு வருஷம் அலைந்தோம். கூட்டேரிப்பட்டிலிருந்து திண்டிவனம், அங்கிருந்து பாண்டி பஸ். கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிவிடுவோம். பஸ் ஊருக்குள் போகும், நாங்கள் போனதில்லை. காத்திருக்கும் கூடத்துச் சுவரில் ஒரு சுற்றுலாப் படம் ஒட்டியிருந்தது. மியூசியத்துப் பல்லக்கு, மஞ்சள் சுவர் வீதி, வெள்ளைத் துணி விரித்த மேஜையில் ஒரு மீன். நான் அதைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

"உங்க மாமா உள்ள இருப்பாரு. நான் அதையே பாத்துக்கினு ஒக்காந்திருப்பேன். ஆஸ்பத்திரி வேல முடிஞ்சதும் ஒரு வாட்டி போவணும்னு நெனச்சிக்கினேன். இப்ப முடிஞ்சிபோச்சி இல்ல?"

கடைசி வார்த்தைகளைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றைக்கே திட்டம் போட ஆரம்பித்துவிட்டேன்.

திண்டிவனத்தில் ஒரு மருந்துக் கடையில் எனக்கு வேலை. ஞாயிறுதான் லீவு. மியூசியம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று விசாரித்தேன், திங்கள்தான் பூட்டுவார்களாம். வெயில் ஏறுவதற்குள் மியூசியம். பிறகு பழைய பிரெஞ்சு வீதியில் சாப்பாடு. அந்தப் பக்கத்திலேயே ஓவியக் கண்காட்சி நடப்பதாக போனில் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு அங்கே உட்காரலாம், ஏசி இருக்கும். வெயில் தாழ்ந்ததும் கடற்கரை. ஹோட்டலுக்கு போன் செய்து, ஜன்னலோரம் இரண்டு பேருக்கு மேஜை வேண்டும் என்று சொன்னேன். பெயர் கேட்டார்கள். மாமியார் பெயரைச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் முதல் முதலாக மேஜை பதிவு செய்தது அன்றுதான்.

செய்தி எப்படியோ மாமனாரின் அக்கா காதுக்குப் போயிற்று. பக்கத்துத் தெருதான். மறுநாளே வந்துவிட்டார்.

"வருஷம் திரும்பல. அதுக்குள்ள ஊர் சுத்தணுமா? கோயிலுக்கே போவக்கூடாதுன்னு இருக்குது."

"மலைக் கோயிலுக்குத்தான் அண்ணி போவக்கூடாது. மியூசியம் தரையிலதான் இருக்குதாம்" என்றார் மாமியார்.

"அங்கயும் சாமி செல இருக்குதே!"

"பூசை இல்லாத சாமிங்க. அதுங்களுக்கும் தீட்டு இல்ல, எனக்கும் இல்ல."

என் கணவர் நடுவில் மாட்டிக்கொண்டார். "அம்மா, தை கழியட்டுமே. நானே வண்டி வெச்சி கூட்டிக்கினு போறேன்" என்றார்.

"கழனியில களை எடுத்துட்டு வந்தா யாரும் வருஷம் திரும்பலன்னு சொல்லலியே? கருமாதி முடிஞ்ச வாரமே வேலைக்குப் போனேன். அப்ப ஊரு எங்க போச்சி?"

அக்கா என் பக்கம் திரும்பி, "எல்லாம் நீ ஏத்திவுடறது" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பழி எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் கிளிப்பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். பஸ் கோரிமேட்டை நெருங்கியபோது அவர் கை முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றது. மருந்துச் சீட்டும் எக்ஸ்ரே கவருமாகச் சனங்கள் இறங்கினார்கள். கண்டக்டர் எங்களை அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

"அம்மா, ஆஸ்பத்திரி. எறங்கலியா?"

"எறங்கல" என்றார் மாமியார். சத்தமாகவே சொன்னார். பஸ் கிளம்பும்வரை கம்பியை விடவில்லை.

மியூசியத்தில் கூட்டமில்லை. கல் சிலைகள், அரிக்கமேட்டு மணிகள், வெள்ளைக்காரர்களின் நாற்காலிகள் என்று ஒவ்வொன்றின் முன்பும் நின்று பார்த்தார். நான் அட்டைகளைப் படித்துச் சொன்னேன். பல்லக்கின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"யாரு போனது இதுல?"

"பெரிய அதிகாரிங்க அத்தை."

"தூக்கினவங்க?"

அட்டையில் தேடினேன். "அதப் பத்தி ஒண்ணும் எழுதல."

"எழுதியிருக்கணும்" என்றார். அங்கே நின்ற காவலாளியிடமும் போய் அதையே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே, "சொல்லிடறேங்கம்மா" என்றார். "சிரிக்காத தம்பி. நெசமாத்தான் சொல்றேன்" என்றார் மாமியார். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

ஹோட்டலில் பணியாள் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சமையலறைக் கதவை ஒட்டிய மேஜைக்கு அழைத்துப்போனார். ஜன்னலோரம் மூன்று மேஜைகள் காலி.

"நாங்க ஜன்னலோரம் சொல்லியிருந்தோம்."

"அதெல்லாம் ரிசர்வ் மேடம்."

"ஆமாங்க. அதுல ஒண்ணு எங்க பேர்லதான். பாருங்க."

அவர் அசையவில்லை. நானும் உட்காரவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 'விடும்மா, எங்க ஒக்காந்தா இன்னா' என்று மாமியார் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் பேசாமல் ஜன்னல் மேஜைக்கு நடந்து போய், நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து மேனேஜர் வந்தார். பெயரைச் சரிபார்த்தார். மன்னிப்புக் கேட்டு, மெனு அட்டையை மாமியாரிடம் கொடுத்தார். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. அட்டையைக் கடைசிவரை புரட்டிப் பார்த்துவிட்டு, "மீன்" என்றார்.

வெண்ணெயில் வறுத்த மீன் வந்தது. கையாலேயே சாப்பிட்டார், முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கி. அப்போது என் கணவர் போன் செய்தார். "பக்கத்துத் தெரு அத்தை வந்து ஒக்காந்துக்கினு கத்துறாங்க. ஜல்தியா கெளம்பி வாங்க."

மாமியாரிடம் சொன்னேன்.

"ஐஸ்கிரீம் இன்னும் வரலன்னு சொல்லு."

ஓவியக் கண்காட்சியில் ஒரு பெரிய படம், முழுக்கச் சிவப்பு. ஒரு கோடு இல்லை, ஓர் உருவம் இல்லை. அதன் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"இன்னா அத்தை புரியுது உங்களுக்கு?"

"புரியணும்னு யாரு சொன்னா? நல்லாருக்குது."

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கடற்கரைக்கும் போனோம். போன் இரண்டு தடவை அடித்தது. எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மாமனாரின் அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "ஊரே சிரிக்குது" என்றார்.

"சிரிக்கட்டும் அண்ணி" என்றார் மாமியார். "ரெண்டு வருஷம் நான் அந்த ஆஸ்பத்திரியில அழுதுக்கினு கெடந்தேன். ஊரு ஒரு நாள் பஸ் ஏறி வந்துச்சா? நீங்க வந்தீங்களா?"

அக்கா எழுந்து போய்விட்டார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "சாப்பாடு எப்படிம்மா இருந்துச்சி?" என்று கேட்டார்.

"மீன் நல்லாருந்துச்சி. காரம்தான் இல்ல."

வருஷத் திவசத்துக்கு அக்கா வந்தார். மாமியாரோடு பேசினார், என்னோடு பேசவில்லை. நானாகப் போய்ப் பேசவும் இல்லை. நான் என்ன தப்பு செய்தேன்?

இந்தக் கோடைக்கு எழும்பூர் மியூசியம், சாயங்காலம் ஒரு நாட்டியம் என்று முடிவு செய்திருக்கிறோம். எதிர்வீட்டு அக்காவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் வீட்டுக்காரர் என் கணவரைத் தெருவில் நிறுத்தி, "உங்க வூட்டுப் பொம்பளைங்க ஊரையே கெடுக்குறாங்க" என்றாராம்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம் என் கணவர்.