அம்பாரமும் கூட்டல் சியும்

பன்னிரண்டாம் வகுப்பில் எங்கள் பள்ளியின் கணக்குப் பிரிவில் இரண்டே பேர். நானும் என் தோழியும். மற்றவர்கள் புத்திசாலிகள், வேறு பிரிவுக்குப் போய்விட்டார்கள். முதல் பெஞ்சும் நாங்களே, கடைசி பெஞ்சும் நாங்களே. டீச்சர் கேள்வி கேட்டால் ஒளிந்துகொள்ள முன்னால் ஒரு முதுகுகூடக் கிடையாது.

டீச்சர் திருப்பத்தூரிலிருந்து பஸ்ஸில் மலை ஏறி வருவார். பஸ் வராத நாளில் ஷேர் ஜீப்பில், மூட்டைகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து வருவார். வந்ததும் என் வீட்டுப்பாடத்தைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்: "சி எங்க?" தொகையிடல் கணக்கில் விடைக்குப் பின்னால் 'கூட்டல் சி' என்று போட வேண்டும். நம் கண்ணில் படாமல் விட்டுப்போன எண் ஏதாவது இருக்கலாம், அதற்காக ஒதுக்கி வைக்கும் இடம் அது. எனக்கு அது மட்டும் மறந்து மறந்து போகும். சிவப்பு மையால் அவர் போட்ட சிகளை எல்லாம் கோத்தால் எங்கள் ஊர் மாடுகளுக்கெல்லாம் மாலை போடலாம்.

ஆனாலும் எனக்கு அந்தப் பாடத்தின் மேல் பைத்தியம். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே பைத்தியம். புதூர்நாட்டுக்கு ஏறும் ரோட்டில் ஜீப் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதெல்லாம் "இங்க சாய்வு பூச்சியம்டி!" என்று நான் கத்துவேன். "அடுத்தது குறை எண்டி!" என்று அவள் கத்துவாள். தன் வண்டி ஓட்டும் லட்சணத்துக்கு மார்க் போடுகிறோம் என்று நினைத்து டிரைவர் ஒருநாள் எங்களை இறக்கியே விட்டார். மிச்ச தூரத்தை வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே நடந்தோம்.

சிரிக்காத ஒரே ஆள் அப்பா. திருப்பத்தூரில் இருக்கும் சித்தி எனக்கு நர்சிங் படிக்க இடம் பார்த்து வைத்திருந்தார். நானோ காலேஜில் கணக்குதான் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"நர்சு ஊசி போட்டா காச்சல் நிக்குது. உன் கணக்குனால இன்னா நிக்குது?" என்றார் அப்பா.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முடித்தார்.

"என் கண்ணு முன்னால அதால ஒரு வேலை ஆவட்டும். அப்புறம் காலேஜ் பேச்ச பேசலாம்."

அரையாண்டு லீவு வந்தது. சேர்ந்து படிக்கிறேன் என்று தோழி எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். அந்த வாரம் எங்கள் களத்தில் சாமை அடித்துத் தூற்றி, நடுவில் அம்பாரமாகக் குவித்திருந்தார்கள். பார்த்ததும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்டியது. கூம்பு! ஒரு சாய்கோட்டை அச்சைச் சுற்றிச் சுழற்றினால் வரும் அதே கூம்பு. அது எத்தனை மரக்கால் வரும் என்று அளப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால், அப்பா கேட்ட வேலை அதுதானே?

"பத்தாவதுலயே கூம்புக்கு சூத்திரம் படிச்சோமேடி" என்றாள் அவள்.

"அது பத்தாவது படிச்சவங்களுக்கு" என்றேன்.

ஒரு சிக்கல் இருந்தது. களத்தில் அம்பாரம் நிற்கும்போது எவ்வளவு தேறும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் கண் பட்டுக் குறைந்துவிடும் என்பார்கள். அதனால் அப்பாவும் அம்மாவும் சாப்பிடப் போகும்வரை நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தோம். அவர்கள் தலை மறைந்ததும் ஆட்டுக் கயிற்றால் அம்பாரத்தைச் சுற்றி அளந்தோம். மரக்காலில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதைத் தண்ணீர் பாட்டிலால் ஊற்றிப் பார்த்தோம். உயரத்துக்கு வழி தெரியவில்லை. தோழி நீளக் கம்பி வைத்த பெரிய குடையை எடுத்து வந்து, அது தரை தட்டும்வரை உச்சியில் நட்டுக்குத்தலாகச் செருகினாள். ஒரு பக்கம் பொலபொலவென்று சரிந்தது. இரண்டு பேரும் தட்டிக் கொடுத்து நிமிர்த்தினோம்.

"அய்யய்யோ, அம்பாரத்துல கொடைய சொருவுறாளுங்க!" என்று அம்மா வீட்டு வாசலிலிருந்து போட்ட கூச்சலில் அப்பா சோற்றுக் கையோடு ஓடி வந்தார். அதற்குள் நான் கணக்கை முடித்திருந்தேன்.

"எவ்ளோ வரும்னு சொன்னியா?"

"வாயால சொல்லலபா. கையில எழுதி வச்சிருக்கேன்." ஸ்வெட்டர் கையை இழுத்து மூடிக்கொண்டேன். "நீ அளந்து முடி, அப்புறம் காட்டுறேன். சரியா இருந்தா நான் கணக்குக்குப் போறேன்."

அம்மா தலையில் கை வைத்தார். அப்பா, "வாயால சொல்லல இல்ல?" என்று இன்னொரு முறை கேட்டுக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு மரக்காலை எடுத்தார்.

அப்பா ஒவ்வொரு மரக்காலாக அளந்து கொட்டினார். தோழி என் தோளைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அப்பா நிமிர்ந்து, "நாப்பது" என்றார்.

ஸ்வெட்டர் கையை ஏற்றினேன். நாற்பத்தொன்று.

"ஒண்ணுதாங்க வித்தியாசம்!" என்றாள் தோழி.

"கடையில ஒண்ணு கொறைச்சி போட்டா நீ சும்மா வுடுவியா?" என்றார் அப்பா.

ஊசியும் கையுமாக நான் நிற்பதுபோலவே தோன்றியது. முகத்தைத் திருப்பிக்கொண்டபோது களத்து மூலையில் இருந்த முறம் கண்ணில் பட்டது. முறத்தில் சாமை. அளக்கத் தொடங்கும்போது முதல் மரக்காலைச் சாமிக்கு என்று முறத்தில் கொட்டி ஒதுக்கிவிடுவார்கள். அதை யாரும் எண்ணுவதில்லை. அடுத்த மரக்காலிலிருந்துதான் எண்ணிக்கை. பிறந்ததிலிருந்து பார்ப்பதாலேயே அது எனக்கு உறைக்கவில்லை.

"கூட்டல் சி!" என்று அலறினேன். "சாமியோடது! சாமியோடதுதான் கூட்டல் சி!"

"எல்லை போட்ட கணக்குல சி வராதுடி" என்றாள் தோழி.

"களத்துல வரும்டி!"

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு வைக்கோலில் விழுந்து புரண்டோம். அம்மா எங்களுக்குத் திருஷ்டி சுற்றவே தயாராகிவிட்டார். நியாயமாகப் பார்த்தால் களம் மேடுபள்ளம், அம்பாரம் ஒரு பக்கம் சரிவு, குடை கொஞ்சம் கோணல். தப்பும் தப்பும் அடிபட்டு விடை வந்திருக்கும். எனக்கென்ன, வந்துவிட்டது.

அப்பா முறத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். சாயங்காலம் சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறிச் சித்திக்குப் போன் போட்டார். "அந்த எடத்த வேற யாருக்குனா சொல்லிடுமா. இது கணக்குக்குப் போவுது." பாறைக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சந்தோஷத்தில் காலே தரையில் பாவவில்லை.

இப்போது திருப்பத்தூரில் விடுதியில் தங்கிக் கணக்கு படிக்கிறேன். இந்த வருடம் சாமை அடித்த அன்று அப்பாவின் வாட்ஸ்அப்பிலிருந்து ஒரு படம் வந்தது. அம்பாரம், பக்கத்தில் விறைப்பாக அப்பா, கையில் அதே குடை. உடனே போனும் வந்தது. அடுத்த களத்துக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் ரகசியக் குரல்.

"எவ்ளோமா வரும்?"

"இருபா, சொல்றேன்..."

"ஏய், வாயால சொல்லாத! அம்பாரம் நிக்குது. டைப் பண்ணு."

போனை வைக்கப் போனவர் மறுபடியும் பேசினார்.

"சாமியோடதையும் சேத்தே போடு."