லைசென்ஸ் நம்பர் மேல சந்தனப் பொட்டு

ஊரே கம்ப்யூட்டருக்குத் திருட்டு ஓ.எஸ். போட்டப்ப, காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கினவன் நான். அந்தத் திமிருக்கு இன்னிக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

புதுச்சத்திரத்துல நம்ம லாரி புக்கிங் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மதர்போர்டு போயிருச்சு. சூரமங்கலத்துல ஒருத்தர்கிட்ட சொல்லி, புதுசா ஒண்ணு அசெம்பிள் பண்ணி எடுத்துட்டு வந்தேன். பழைய லைசென்ஸைப் புதுசுக்கு மாத்த ஓ.எஸ். கம்பெனி கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன்.

"லைசென்ஸ் கார்டுல இருக்கற இருபத்தஞ்சு எழுத்தையும் படிங்க சார்."

கார்டு தொலைஞ்சிரக்கூடாதுன்னு நான்தான் பழைய சிபியு மேலயே பசை போட்டு ஒட்டியிருந்தேன். போய்ப் பாத்தா, வருசா வருசம் ஆயுத பூசைக்கு வெச்ச சந்தனமும் குங்குமமும் சரியா அது மேலயே காஞ்சு கெடக்குது. சுரண்டினா எழுத்தும் சேந்து வருது.

"கார்டு டேமேஜா சார்?"

"இல்லைங்க, பூசை போட்டிருக்குது."

அப்புறம் மறுபடியும், "இருபத்தஞ்சு எழுத்தையும் படிங்க சார்." பதினாலுதான் தேறுச்சு.

அசெம்பிள் பண்ணிக் கொடுத்தவரைக் கூப்புட்டா, "இதுக்கு ஏனுங்க இந்தப் பாடு? எல்லாத்துக்கும் போடற ஓ.எஸ். காப்பியவே போட்டுடட்டுங்களா?"ங்கறாரு.

எரிச்சலோட போனை வெச்சுட்டுத் திரும்பறேன், எங்க ஊட்டுக்காரம்மா சந்தனக் கிண்ணத்தோட நிக்கறாங்க.

"ஏனுங்க, புது கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு கூட வெக்காம ஆன் பண்ணிட்டீங்கல்ல? அதான் மக்கர் பண்ணுது."

எழுத்து அழியாம சந்தனத்தை எடுக்க வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க. பொட்டு வெச்சது யாருன்னு மட்டும் கமெண்ட்ல கேக்காதீங்க. அவங்களும் இதைப் படிப்பாங்க.