கண்ணாடிக்குள் போகாத பத்திரிகை

நேற்று எங்கள் ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு கண்காட்சி. இந்த ஊரின் முதல் பத்திரிகைகள், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாள்கள், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் விரிந்து கிடந்தன. ஒரு பேராசிரியர் குடையைத் தொலைத்த அறிவித்தல். மாணவர்கள் தெருவில் கத்திப் பாடுகிறார்கள் என்று ஒரு பேக்கரிக்காரரின் முறைப்பாடு. செத்துப்போன பேக்கரிக்காரரின் எரிச்சலுக்குக்கூட மேலே ஒரு விளக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன.

நம்பினால் நம்புங்கள், இந்த ஊரில் நாங்களும் ஒரு பத்திரிகை நடத்தினோம். அகதியாக வந்த புதிதில் சில தமிழ்க் குடும்பங்கள்தான் இருந்தோம். தமிழ்த் தட்டச்சு கிடையாது. கையால் எழுதி, மாணவர் விடுதிக்குப் பக்கத்துக் கடையில் போட்டோக்கொப்பி அடிப்போம். சூடாக வரும் அந்தத் தாளின் மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது. கதை எழுதுவது நான். அதை அச்சடித்தது போலப் படியெடுப்பது செல்வி அக்கா. உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து, ஊறிய விரல்களோடு எழுதுவார்.

அவரிடம் ஒரு பழக்கம். பக்கம் எங்கே முடிகிறதோ, கதையும் அங்கே முடியும். என் கடைசிப் பந்திகள் எத்தனை அப்படிப் போயின! கேட்டால், "இடமில்லை தம்பி, நான் என்ன செய்யிறது?" என்பார். கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும் சனம், "முடிவு நல்ல திறம்" என்று எனக்குக் கைகொடுக்கும். அந்த முடிவு அக்கா பேனையை மூடிய இடம். சிரித்துக்கொண்டே நன்றி சொல்வேன். வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது.

நூலகப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒரு பிரதி கொண்டுவந்தால் இதே வரிசையில் வைப்போம் என்றாள். என்னிடம் ஒன்றுமில்லை. இப்போது எசன் நகரத்தில் இருக்கும் அக்காவுக்கு நூலக வாசலில் நின்றே போன் எடுத்தேன்.

"எல்லாம் வீட்டுக்குக் கீழை கெல்லர் அறையிலை கிடந்தது தம்பி. வீடு மாறேக்க பிள்ளையள் பழைய பேப்பரோடை போட்டிட்டினம்." பிறகு தானாகவே சொன்னார். "உம்மடை கதையளை எழுதேக்க எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமோ? எனக்கு இப்பிடி எழுத ஏலாதே எண்டு. சில நேரம் இடம் இருந்தது. வேணுமெண்டுதான் முடிவை எழுதாமல் விட்டனான்."

எனக்குக் கோபம் வரவேண்டும். ஆனால் நான் கேட்டது வேறு. "நான் எழுதின முடிவுகள் எப்பிடி இருந்தது அக்கா?"

"அதுகள்தான் நல்லாய் இருந்தது."

படியெடுத்ததும் மூலத்தைக் கிழித்துப் போடுவது எங்கள் வழக்கம். அந்த முடிவுகளை வாசித்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். என்ன எழுதியிருந்தேன் என்று கேட்டேன். அவருக்கும் ஞாபகமில்லை, எனக்கும் ஞாபகமில்லை.