என் ரீலில் நடக்கும் கோழி

அந்தக் கோழியை நடக்க வைத்தவன் நான் அல்ல. அதை நான் திருடினேன். திருடியதோடு நிற்கவில்லை, திருடவில்லை என்று காட்ட ஒரு சாட்சியையும் தயாரித்தேன்.

கோழியா என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! உயிருள்ள கோழியைத் திருடியிருந்தால் ஊரே கூடி என்னை நிற்க வைத்துக் கேட்டிருக்கும். நான் திருடியது திரையில் சில நொடிகள் மட்டுமே நடக்கும் கோழி. அதைக் கேட்க ஆளில்லை. கேட்கவென்று கூடியவர்களும் என்னைக் காப்பாற்றவே கூடினார்கள்.

சேலத்தில், மலைப்பாதை தொடங்கும் இடத்துக்கு அருகே ஒரு கல்லூரியில் அனிமேஷன் படித்தேன். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். அப்பாவுக்குக் கோழிப்பண்ணை. கொட்டகை கொட்டகையாகக் கம்பிக் கூண்டுகள். முட்டை உருண்டு வெளியே வரும், கோழி வராது. பண்டிகை வந்தால் துறை ஆசிரியர்கள் எல்லார் வீட்டுக்கும் அப்பா முட்டை அட்டைகளை அனுப்பிவிடுவார். அன்பு என்றுதான் எல்லாரும் அதைச் சொன்னார்கள்!

சுகந்தி என் வகுப்பு. பனமரத்துப்பட்டியிலிருந்து பேருந்தில் வந்து போவாள். வாய்த்துடுக்கு என்று பெயர் வாங்கியவள். ஆய்வகக் கணினிகள் ஏன் எப்போதும் உறைந்து நிற்கின்றன, கட்டணம் மட்டும் ஏன் உறைவதில்லை என்று துறைத் தலைவரிடமே கேட்டவள். கேட்க வேண்டியதைக் கேட்டால் நம் ஊரில் அதற்குப் பெயர் துடுக்கு.

அந்தக் கணினிகளால்தான் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டாயிற்று. செய்து முடித்த காட்சியைப் படமாக மாற்றும் கடைசி வேலைக்கு ரெண்டர் என்று பெயர். ஆய்வகத்தில் அது பாதியில் நின்றுவிடும். அப்பா வாங்கித் தந்த என் கணினியோ குதிரைபோல் ஓடும். ஆகவே வகுப்பில் பாதிப் பேர் தங்கள் கோப்புகளை என்னிடம் கொடுத்து, படமாக வாங்கிக்கொள்வார்கள். எல்லாருடைய உழைப்பும் என் கைவழியே போயிற்று. நம்பித்தான் கொடுத்தார்கள்... சுகந்தியும் நம்பித்தான் கொடுத்தாள்.

முட்டையிட்டு ஓய்ந்த கூண்டுக் கோழிகளைக் கறிக்கு மலிவாகத் தள்ளிவிடுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் அம்மா அப்படி ஒன்றை வாங்கிவந்து வாசலில் விட்டிருக்கிறார். அது நடக்கவில்லை. குஞ்சிலிருந்து கம்பிமேலேயே நின்ற கால். மண்ணை நம்ப மறுத்தது. சுகந்தி அதை அறுக்க விடவில்லை. நாள்தோறும் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பார்த்ததையே இறுதியாண்டுச் செயல்திட்டமாகச் செய்தாள்.

கழுத்தைத் தாழ்த்தி மண்ணைப் பார்க்கும். ஒரு காலைத் தூக்கும். விரல்களை விரிக்கும், வைக்காமல் மடக்கிக்கொள்ளும். மறுபடி விரிக்கும். வைக்கும்... வைத்தவுடன் அதன் உடம்பு ஒரு முறை அதிரும். அவ்வளவுதான் காட்சி.

என் கணினியில் அது முதன்முதலாக ஓடியதும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். வியப்பு என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன், அது பொறாமை. கோழிகளால் வளர்ந்த குடும்பம் என்னுடையது. என் கைவேலையோ தொடக்கப் பயிற்சியில் எல்லாரும் செய்யும் ஒரு துள்ளும் பந்து, குதிக்கும் ஒரு மாவுமூட்டை, யாரோ செய்ததைப் பார்த்துச் செய்த பறக்கும் கார்!

அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து ஒரு ஸ்டுடியோ ஆள் எடுக்க வந்தது. எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்கள். ஒவ்வொருவரும் தம் நல்ல வேலைகளைத் தொகுத்து ஒரு ரீல் தர வேண்டும். காட்சியின் மூலையில் செய்தவர் பெயரைப் பொறிப்பது எங்கள் துறை வழக்கம். கோழியின் மூலையில் இருந்த சுகந்தியின் பெயரை அழித்தேன். என் பெயரை இட்டேன். என் ரீலின் தொடக்கத்தில் கோழியை வைத்தேன்.

அவளும் அதே கோழியைத்தானே அனுப்புவாள்? இது எனக்குத் தோன்றவில்லையா? தோன்றியது. இரண்டு பேர் ஒன்றைச் சொந்தம் கொண்டாடினால் கல்லூரி யாரை நம்பும் என்பதும் சேர்ந்தே தோன்றியது. சொல்லவே நா கூசுகிறது.

ஒரே கோழி இரண்டு ரீல்களில் இருப்பதை ஸ்டுடியோ கண்டுபிடித்துவிட்டது. யாருடையது என்று நீங்களே முடிவு செய்து சொல்லுங்கள் என்று கல்லூரியிடம் விட்டுவிட்டது. துறைத் தலைவர் விசாரணைக்கு நாள் குறித்தார். காட்சிக்கு முன்னால் எடுத்த ரெஃபரன்ஸ் வீடியோவை இருவரும் கொண்டுவர வேண்டும் என்றார். எங்கள் தொழிலில் ஓர் அசைவை வரைவதற்கு முன் நிஜமாக நடப்பதைப் படம் பிடித்துவைப்போம். இல்லாவிட்டால் நாமே நடித்துப் படம் பிடிப்போம். சுகந்தியிடம் வீடியோ இல்லை. அப்போது அவள் கைப்பேசி உடைந்து கிடந்தது. கண்ணால் பார்த்துத் தாளில் கிறுக்கி, பிறகு கணினியில் செய்திருந்தாள். தாளெல்லாம் கணக்கில் வராது என்றுவிட்டார்கள்; கோப்போ எங்கள் இருவரிடமும் இருந்தது.

நான் ஊருக்குப் போனேன். கூண்டிலிருந்து ஒரு கோழியை எடுத்துக் கொட்டகைக்கு வெளியே விட்டுக் கைப்பேசியைத் தயாராகப் பிடித்தேன். அது அப்படியே படுத்துக்கொண்டது. தீவனம் போட்டேன். குச்சியால் நெம்பினேன். எழவே இல்லை. எங்கள் கோழி நடக்காது என்பதை எங்கள் மண்ணிலேயே மண்டியிட்டு நான் தெரிந்துகொண்டேன்.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? அவளுடைய காட்சியைப் பக்கத்தில் ஓடவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்து நானே கோழியாக நடித்தேன். குந்தி உட்கார்ந்து, கழுத்தைத் தாழ்த்தி, காலைத் தூக்கி... சித்தப்பா மகன் சிரித்துக்கொண்டே படம் பிடித்தான். காட்சிக்கு முன்னால் பிறக்க வேண்டிய வீடியோ பின்னால் பிறந்தது. எடுத்த தேதியை ஒருவர் பார்த்திருந்தால் போதும், நான் அகப்பட்டிருப்பேன். ஒருவரும் பார்க்கவில்லை!

விசாரணை அறையில் என் வீடியோவைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எங்கே கவனித்தாய் என்று கேட்டார் துறைத் தலைவர். எங்கள் பண்ணையில் என்றேன். அதற்குள் சுகந்தி எழுந்துவிட்டாள்.

"சார், கூண்டுக் கோழி நடக்காதுங்க. அவங்க பண்ணையில ஒரு கோழியும் தரைய மிதிச்சதில்ல. இவன் எதப் பாத்துச் செஞ்சான்னு கேளுங்க."

அந்த அறையில் இருந்தவர்கள் நாமக்கல்லையும் சேலத்தையும் சேர்ந்தவர்கள். ஒருவருடைய மைத்துனருக்கே பண்ணை இருந்தது. கூண்டுக் கோழி நடக்குமா நடக்காதா என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படித்தவர்கள்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. அந்தக் கோபம் என்னிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதும் தெரிகிறது.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. வீடியோ இருக்கா, இல்லையா?" என்றார் துறைத் தலைவர்.

"இல்லைங்க சார்."

அதோடு முடிந்தது. அவள் காப்பியடித்தாள் என்று எழுதிச் செயல்திட்டத்தைத் தள்ளுபடி செய்தார்கள். அடுத்த ஆண்டு புதிதாகச் செய்துகொள்ளலாமாம்! வெளியே காருக்குள் காத்திருந்த அப்பா, "முடிஞ்சுதா சாமி? வா, ஊட்டுக்குப் போலாம்" என்றார். என்ன முடிந்தது என்று அவரும் கேட்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் சுகந்தி நின்றிருந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தாலாவது இன்று கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்... அந்த ஆறுதலைக்கூட அவளிடமிருந்தே எதிர்பார்க்கிறேனே, என்ன மனிதன் நான்!

ஸ்டுடியோ என்னை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அவள் கல்லூரிக்கு வரவில்லை. அம்மாபேட்டையில் ஒரு கடையில் காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஃபிளக்ஸ் வடிவமைக்கிறாள் என்று கேள்வி. நான் அந்தத் தெருப் பக்கம் போவதில்லை.

சின்ன வயது, போகட்டும் விடு என்று நீங்கள் சொல்லக்கூடும். சொல்லாதீர்கள். அவளுக்கும் அதே வயதுதான்.

சென்ற மாதம் கல்லூரியிலிருந்து அழைத்தார்கள். மாணவர் வேலைகளைப் பார்த்து மதிப்பிட வேண்டுமாம். முன்னாள் மாணவர், பெருமைக்குரியவர் என்று சால்வை போர்த்தினார்கள். பிறகு விளக்குகளை அணைத்துவிட்டு, நல்ல அனிமேஷனுக்கு உதாரணம் என்று பெரிய திரையில் அந்தக் கோழியைக் காட்டினார்கள். மூலையில் என் பெயர்.

இந்தக் கோழிக்குத் தரை புதிது, அதனால்தான் தயங்குகிறது என்று விளக்கினேன். அன்று அவள் சொன்னபோது ஏறாதது, நான் சொன்னபோது எல்லாருக்கும் ஏறியது. துறைத் தலைவர் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார்.

பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், அந்தக் கோழி அப்புறம் நல்லா நடந்துச்சுங்களா?"

எனக்குத் தெரியாது. வாசலில் பழகியதா, செத்ததா, ஒருநாள் குழம்பாயிற்றா... சுகந்தியிடம் நான் கேட்டதே இல்லை. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியாது என்று அந்த ஒரு சொல்லையாவது சொல்லியிருக்கலாம்.

"நடந்துச்சும்மா. நல்லா நடந்துச்சு" என்றேன்.

கை தட்டினார்கள். நான் கும்பிட்டேன்.