கழுவக் கூடாத கப்பல்

பிளாஸ்டிக் போர்க்கப்பல் மாடல்களுக்கு நிஜ மரத்தில் மேல்தளம் ஒட்டித் தருவது என் தொழில் என்றால், கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் "இதுக்கெல்லாம் ஆள் வர்றாங்களா?" என்பார்கள். வருகிறார்கள். மரம் என்றால் பலகை இல்லை. காகிதத்தைவிடக் கொஞ்சம் தடித்த மரத்தகடு. மேலே முடி போல மெல்லிய பலகைக் கோடுகள், அடியில் பசை. உரித்து, அளவு பார்த்து, ஒட்ட வேண்டியதுதான். தையல்காரரோ மிக்சி மெக்கானிக்கோ, அடுத்தவர் பொருளைக் கையில் வாங்கி அவஸ்தைப்படுகிற யாருக்கும் மீதியை நான் சொல்லத் தேவையில்லை. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நானும், பெயின்ட் வேலை பார்க்கிற மாரமங்கலத்துச் செல்வியும் இருக்கிறோம். இந்த வருஷம் எங்கள் உயிரை வாங்கியது ஒரே ஒரு கப்பல்.

ஆடாமல் அசையாமல்

வெள்ளக்கடை கிராமத்துச் சின்னசாமி ஐயா இளவயசில் கடற்படையில் இருந்தவர். இப்போது காபியும் மிளகும் போட்டிருக்கிறார். மகள் வாங்கிக் கொடுத்த கப்பல் மாடலை மடியில் வைத்து ஜீப்பில் கொண்டுவந்தார். தான் வேலை பார்த்த கப்பலின் ஜாடையாம். தை பிறந்ததும் சிநேகிதர் ஒருவர் பார்க்க வருகிறார், அதற்குள் மரத்தளம் போட்டாக வேண்டும் என்றார்.

வெறும் உடலாகக் கொண்டுவந்திருந்தால் ஒரு மத்தியான வேலை. பீரங்கி, கோபுரம், புகைபோக்கி எல்லாவற்றையும் அவரே ஒட்டி முடித்திருந்தார். தகடு அதற்கெல்லாம் அடியில் அல்லவா போக வேண்டும்? பிளேடை விட்டு ஒவ்வொன்றாகப் பெயர்க்க மூன்று நாள் ஆனது. இரண்டு பீரங்கி ஒடிந்தது. ஏன் ஐயா இப்படி என்று கேட்டேன்.

"கடல்ல ஆட்டம் ஜாஸ்தி சாமி, கழண்டுக்கக் கூடாதுன்னு நல்லா அமுக்கி ஒட்டிப்புட்டேன்!"

பழுப்பு பெயின்ட்

எரிச்சலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன். செல்வி பழுப்பு பெயின்ட் அடித்துக் கோடு போட்டால் மரம் மாதிரியே இருக்குமே, எதற்கு இந்தப் பாடு?

அவர் கோபப்படவில்லை. வரப்போகிற சிநேகிதர் தங்கப்பன் அதே கப்பலில் அவரோடு எட்டு வருஷம் இருந்தவர், இப்போது ஆத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"அவனுக்குக் கண்ணு போயி ஆறு வருசமாச்சு சாமி, பெயின்ட் அடிச்சா வெரலுக்குத் தெரியுமா?"

தகட்டை எடுத்து அளவு பார்க்க ஆரம்பித்தேன்.

மேகம்

கார்த்திகையில் ஏற்காட்டில் மேகம் அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். தகட்டை உரித்தால் பசை வழுக்குகிறது, ஓரம் அப்பளம் போலச் சுருள்கிறது. அரிசி டிரம்முக்குள் இரண்டு நாள் புதைத்து வைத்து, ஈரம் போனதும் எடுத்து ஒட்டினேன். நல்லபடியாக உட்கார்ந்தது. அந்த இரண்டு நாளும் ஜன்னலைத் திறந்து வைத்ததற்குச் செல்வியிடம் கத்தினேன்.

"ஏனுங்கண்ணா, ஊரே துணி காயாம கெடக்குது, உங்க தகட்டுக்கு மட்டும் தனியா வெயில் வாங்கியாறதுங்களா?"

மூன்றாவது தகடு

ஈரம் ஆகாது, காய்ந்த பிரஷால் தூசி தட்டினால் போதும் என்று எழுதியே கொடுத்தனுப்பினேன். பத்து நாளில் கப்பல் திரும்பி வந்தது. தளம் முழுக்கக் கொப்புளம். பசைதான் மோசம் என்று தகடு விற்றவனுக்குக் காட்டமாக மெயில் எழுதினேன். இரண்டாவது தகடு போட்டேன். ஒன்பதாம் நாள் அதிலும் கொப்புளம் என்று ஐயாவிடமிருந்து போன் வந்தது. கையில் மிச்சம் ஒரே தகடு, தை பிறக்க ஒரு வாரம்.

மறுநாள் விடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மேசை மேல் கப்பல், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். ஐயா பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, வெறுங்காலோடு நின்று, முனையிலிருந்து பின்பக்கம் வரை ஈரத்துணியால் வரிசையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கிண்ணத்தைப் பிடுங்கித் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டேன். எழுதிக் கொடுத்தேனே, படிக்கவில்லையா?

"படிச்சேன் சாமி... ஆனா வெடிஞ்சும் தளம் கழுவாத கப்பல் எந்தக் கடல்லயாவது இருக்குதா?"

தங்கப்பன் வந்தார்

கப்பலைக் கையோடு கொண்டுவந்து மூன்றாவது தகட்டை ஒட்டி, ஐயா கையில் கொடுக்காமல் அறையிலேயே பூட்டி வைத்தேன். தங்கப்பன் வருகிற அன்று நானே கொண்டுபோய் மேசையில் வைத்து, காவலுக்கு நிற்கிறவன் மாதிரி பக்கத்திலேயே நின்றேன். சின்னசாமி ஐயா சிநேகிதரின் கையைப் பிடித்துக் கப்பல் மேல் வைத்தார். விரல்கள் பலகைக் கோடுகளைத் தடவிக்கொண்டே முனை வரை போயின, திரும்பி வந்தன, நின்றன. ஒரு கொப்புளம் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தங்கப்பனின் முகம் மட்டும் சுருங்கியது.

"ஏண்டா சின்னசாமி, தளம் காஞ்சு கெடக்குது... இன்னிக்குக் கழுவற டூட்டி யாருடா?"

துணியை நனைத்துப் பிழிந்து தங்கப்பன் கையில் கொடுத்தவன் நானேதான் என்பதால், நான்காவது தகட்டுக்குத் திட்ட ஆள் கிடைக்காமல் நிற்கிறேன்.